இலையில்லாத நாளில் கட்டிய ஆன்டெனா

அக்கா வீட்டு டிவியில் படம் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்தத் தொழில் தெரியும் என்பதால் அல்ல. நான் ரப்பர் பால்வெட்டுக்காரன், படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. அந்த வீட்டு ஓட்டின்மேல் ஆன்டெனாவைக் கட்டியவன் நான் என்பதால் கூப்பிடுவார்கள்.

வீடு ஆரியங்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர்க் குன்றின் அடியில், பள்ளத்தில் இருக்கிறது. கேபிள் அங்கே வரவில்லை. போனுக்கு ரேஞ்ச் கிடைக்க வேண்டுமென்றால் ரோட்டுக்கு ஏற வேண்டும். டிஷ்ஷை அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். சர்க்கார் டவரிலிருந்து டிஜிட்டலாகச் சும்மாவே கிடைக்கும்போது அது எதற்கு என்பது அவள் கட்சி. ஒரு செட்டாப் பெட்டியும் ஆன்டெனாவும் வாங்கினோம். அத்தானின் கட்டிலுக்கு எதிரே டிவியை வைத்தோம். அத்தான் தென்னையிலிருந்து விழுந்த பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உலகத்தில் நடப்பதெல்லாம் அந்தக் கட்டிலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

இந்த வருடம் அதில் ஒரு பெரிய காரியமும் வர இருந்தது. அவர்களுடைய மகள் வெளியூரில் விளையாட்டு ஹாஸ்டலில் தங்கி வாலிபால் ஆடுகிறாள். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை அவள் டீம் ஆடும் போட்டியை டிவியில் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தாள். அத்தான் அவள் ஆடிப் பார்த்தது விழுவதற்கு முன்னால். அதற்குப் பிறகு அவள் வளர்ந்தது, ஹாஸ்டலுக்குப் போனது, சட்டையில் நம்பர் வாங்கியது எல்லாம் அவருக்குப் போட்டோதான்.

படமோ, மீன மாதம், அதாவது பங்குனி, பிறந்ததிலிருந்தே கோளாறு. பழைய டிவியில் கோளாறு என்றால் புள்ளி புள்ளியாகவாவது ஆள் தெரியும். ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், ஒருவர் வாசலில் நின்று கத்துவார். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரி. வராவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து, செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார்.

நான் வயரை மாற்றினேன். முனையைச் சுரண்டித் திரும்பப் பூட்டினேன். நீளமான பைப் வைத்து ஆன்டெனாவை உயர்த்தினேன். உயர்த்தியதில் இன்னும் மோசமாயிற்று.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. ரோட்டுக்கு ஏறி டவர் ஆபீசுக்குப் போன் செய்தாள். அடுத்த நாளும் செய்தாள். கடைசியில் அங்கிருந்து ஒரு பெண் இஞ்சினியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சொந்த ஊர் பாறசாலைப் பக்கம்தான், அதனால் எங்கள் பேச்சே பேசினார். பையில் ஒரு மீட்டரும், குடை போல மடக்கி வைத்த சிறிய ஆன்டெனாவும் இருந்தன.

வந்தவுடன் எதையாவது கழற்றுவார் என்று நினைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"சேட்டா, இத எப்பம் கெட்டினது?"

"இந்த வருசம் மகரத்தில."

"அப்பம் நல்லா கிட்டிச்சா?"

அக்கா முந்திக்கொண்டாள். "கண்ணாடி போல கிட்டிச்சு மேடம். மீனம் பொறந்ததும் போச்சு. டவர்ல பவர கொறச்சாச்சுண்ணு இஞ்ச எல்லாரும் சொல்லுதாவ."

"எனக்கிட்டயும் அதத்தான் சொல்லுதாவ, எல்லா வருசமும்." அவர் தலையைத் தூக்கிக் குன்றைப் பார்த்தார். ரப்பர் முழுக்கப் புதிய இலை, வானம் தெரியாத அளவுக்கு. "மகரத்தில இதுல எல உண்டா?"

நானும் குன்றைப் பார்த்தேன். தினமும் அந்த மரங்களுக்கு நடுவே நிற்பவன் நான். மகரத்தில், அந்தத் தை மாதத்தில், ஒரு மரத்திலும் இலை இருக்காது. இலை உதிர்ந்தால் பால்வெட்டை நிறுத்துவோம். வெட்டு இல்லாத அந்த நாட்களில்தான் கூரை மாற்றுவோம், வேலி கட்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம். ஆன்டெனாவும் அப்போதுதான் கட்டினேன். டவருக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் கம்பு கம்பாக மரம் நின்ற சமயம் அது.

ஜன்னல் வழியாக அத்தானின் குரல் வந்தது. "எல கெடக்கப்பம் அவனுக்கு வெட்டு. எல போனாத்தான் அவன் எங்க வீட்டுல கேறுவான். வேற எப்பம் கெட்டுவான், மேடம்?"

இஞ்சினியர் சிரித்துவிட்டார். "நான் மட்டும் என்னவாம். எல்லா வருசமும் இதே மாசம் இந்தப் பக்கத்திலயும் பெருங்கடவிளப் பக்கத்திலயும் இருந்துதான் படம் இல்லேண்ணு பரிபவம் வரும். நான் டவரத்தான் தொறந்து தொறந்து பாத்துட்டிருந்தேன். எங்க ஆபீசில யாருக்கும் ரப்பர் தெரியாதாக்கும்."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு உடனே வேலையைத் தொடங்கினார்.

சின்ன ஆன்டெனாவைக் கையில் பிடித்து முற்றத்தில் மெதுவாகத் திரும்பினார். டவர் இருக்கும் வடக்குப் பக்கம் மீட்டரில் ஒன்றுமில்லை. அவர் திரும்பிக்கொண்டே இருந்தார். கிழக்கே, கல் உடைத்து விட்டுவிட்ட மொட்டைப் பாறைக்கு நேராக வந்ததும் நின்றார்.

பக்கத்துச் சரிவில் இருக்கும் மேல்வீட்டுக்காரர் வேலிக்கு அப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், டவர் அங்கோட்டாக்கும். அங்க பாறதான் உண்டு."

"தெரியும் சேட்டா. டவர் எங்கயும் ஓடிப்போவல்ல. பாறைக்கு எதுக்க நிண்ணு கூவினா சத்தம் திரும்பி வராதா? இதும் அதுபோலத்தான்."

"அப்பம் டிவியில ஒருத்தன் ரெண்டு தடவ பேசுவானோ?"

"பேசினா ஒண்ண நீங்க எடுத்துக்கிடுங்க."

அவர் வேலியில் கை ஊன்றிப் பாறையைப் பார்த்தார்.

நான் ஏணியில் ஏறினேன். அவர் கீழே நின்று சொன்னார். "கொஞ்சமா திருப்புங்க. திருப்பினா கைய எடுத்துருங்க. பெட்டிக்கு யோசிக்க நேரம் வேணும். நீங்க பொறுக்கணும்."

அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது. கத்த வேண்டியதில்லை. திருப்ப வேண்டும், கையை எடுக்க வேண்டும், பேசாமல் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அத்தான், "கிட்டிச்சு, கிட்டிச்சு" என்றார். நான் திருகாணியை முறுக்கப் போனேன்.

"முறுக்காதீங்க," என்றார் இஞ்சினியர். "படம் வந்தா போராது. மிச்சம் வேணும். மழ பெஞ்சு கிழக்க நிக்கிற மரமும் நனஞ்சா இது போயிரும்."

இன்னும் வெகுநேரம் பார்த்தார். உயரத்தைக் கூட்டாமல் குறைக்கச் சொன்னார். ஓட்டிலிருந்து இறக்கி, கிணற்றுக் கல்தூணில் கட்டச் சொன்னார். அங்கிருந்து பாறை வரைக்கும் மரவள்ளித் தோட்டம்தான், மரம் குறைவு. நாலாம் வகுப்புப் படித்த நான் அவர் மீட்டரில் பார்த்த எண்ணை எட்டிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் படம் வந்த பிறகும் வேலை முடியவில்லை என்று நினைக்கும் ஒருவரை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். புறப்படும்போது அக்கா மகளின் சனிக்கிழமைப் போட்டியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் போன் நம்பரை அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. நல்ல கோடைமழை. குன்று முழுவதும் கறுத்து, இலையெல்லாம் தொங்கிச் சொட்டியது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை, கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்வீட்டுக்காரரும் குடை பிடித்து வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவர் வீட்டு ஆன்டெனா இன்னும் டவரைப் பார்த்துத்தான் நின்றது.

போட்டி தொடங்கியது. படம் அசையவில்லை. ஒரு கட்டமும் விழவில்லை. ஆனால் பிள்ளையை ஆட்டத்தில் காணவில்லை. ஒரு செட் முடிந்தது, அடுத்ததும் முடியப்போனது. அப்போது கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பியது. கடைசியில், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அத்தான் கையூன்றி எழும்பப் பார்த்தார்.

"எலே, பாரு. காலு ஆட்டிட்டிருக்கா. பந்து கையில கிட்டாட்டா சின்னதிலயும் அவ இப்படித்தான் ஆட்டுவா."

அவருக்கு இன்னும் இரண்டு முறை அவள் தெரிந்தாள். டீம் தோற்றுப்போனது. அத்தான் அக்காவிடம் அவள் கால் ஆட்டியதைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் அக்காவிடம் நம்பரை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன். தெரியாதவர்களுக்கு நானாகப் போன் செய்து பழக்கமில்லை. இரண்டு முறை போனைப் பையில் போட்டு எடுத்த பிறகுதான் கூப்பிட்டேன்.

"கிட்டிச்சு மேடம்," என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. "மழையிலயா? கட்டம் விழுந்துதா?"

"இல்ல."

"பிள்ள ஆடினாளா?"

"ஆடல்ல. பெஞ்சில இருந்தா."

"அச்சன் கண்டாரா?" என்று கேட்டார்.

"காலு ஆட்டினதக்கூட கண்டாரு," என்றேன்.