குயிதோவின் மனைவி சம்மதித்த கதை

ஜெகினுக்குத் துபாய் அல் கூஸில் ஏசி மெக்கானிக் வேலை. ஆனால் அவன் பெயர் வாங்கியது ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவதில். மச்சான், சித்தப்பா மகன், அடுத்த வீட்டு மீன்பிடிக்காரன் என்று மீசை முளைத்தவர்களில் பாதிப் பேருக்கு அவன்தான் விசா ஏற்பாடு செய்தான். அதைப் புண்ணியம் என்றே நம்பினான். கடைசித் தம்பி எபின் மட்டும் பாக்கி.

எபினுக்கும் விசா வந்துவிட்டது. அவன் மனைவி ஜினிதான் குறுக்கே நின்றாள். கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "கடலுக்குப் போனா காலையில திரும்பி வாராரு. அங்க போனா எப்ப வருவாரு?" என்று கேட்டாள். நல்லது செய்யப் போனால் இப்படி முரண்டு பிடிக்கிறாளே என்று ஜெகினுக்கு எரிச்சல்.

அந்த ஆகஸ்டில் ஊர்த் திருவிழா. பாதுகாவலர் புனித பெர்நார்து. திருவிழாவில் ஒரு நாள் வளைகுடாக்காரர்கள் பொறுப்பு. அன்று மாலை அவர்களில் ஒருவர் போனில் புனிதரைப் பற்றிப் பேச, பாதர் அதை மைக்கில் பிடித்து ஊருக்கே கேட்க வைப்பார். இந்த வருஷம் ஜெகினின் முறை. பாதர் புனிதரின் வரலாற்றை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

மதிய வெயில் இடைவேளையில் வண்டிக்குள் உட்கார்ந்து படித்தான். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக்காரர். தளர்ந்துபோன துறவற வாழ்வைக் கடும் ஒழுங்குக்குத் திருப்பியவர். மடத்தில் சேரும்போது அண்ணன் தம்பி, மாமன், நண்பர்கள் என்று முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனவர். அவர் பேச வருகிறார் என்றால் தாய்மார் மகன்களை ஒளித்துவைப்பார்களாம். மடமும் நம் தொழிலாளர் கேம்ப் மாதிரித்தான் போலிருக்கிறது, ஆண்கள் மட்டும். "இவரு நம்ம ஆளுல்லா" என்று பக்கத்திலிருந்த பாகிஸ்தானி டிரைவர் மஹ்மூதிடம் தமிழிலேயே சொன்னான். அவன் ஒன்றும் புரியாமல் "அச்சா" என்றான்.

அதற்குப் பிறகு வந்ததைத்தான் இரண்டு தடவை படித்தான். மூத்த அண்ணன் குயிதோவுக்கு மனைவியும் சின்னப் பெண்பிள்ளைகளும் உண்டு. மனைவி விடமாட்டேன் என்றாள். ஒன்று சம்மதிப்பாள், இல்லையேல் சீக்கிரம் சாவாள் என்றாராம் புனிதர். அவள் நோயில் விழுந்தாள். பயந்து சம்மதித்தாள். பிறகு அவளும் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். பிள்ளைகள் யாரிடம் வளர்ந்தார்கள் என்று பாதர் அனுப்பியதில் இல்லை. புனிதர் செய்தது தப்பாக இருக்க முடியாது. சரி என்று சொல்லவும் மனசு ஒப்பவில்லை. தன் மகள் அக்ஸா ஆறாம் வகுப்பா ஏழாம் வகுப்பா என்று யோசித்தான். அதுவும் குழம்பியது.

மாலையில் மைக்கில் பேசும்போது தயார் செய்த புகழ்ச்சியெல்லாம் மறந்துபோனது. குயிதோவின் கதையை அப்படியே சொல்லிவிட்டு, "அந்தப் பெஞ்சாதி ஏன் செரின்னு சொன்னான்னு எனக்கு வெளங்கேல்ல. ஆனா கடைசியில சொல்லிட்டா" என்று உளறி முடித்தான். ஊர் கைதட்டியது.

மறுநாள் எபின் கூப்பிட்டான்.

"அண்ணே, ஜினி செரின்னுட்டா. நீ மைக்கில அவளுக்குத்தான் சொன்னேன்னு பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்கு வந்துட்டாவ. புனிதரு சொல்லத் தட்டுனா வயித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்துட்டா."

"அழுதாளா லே?"

"அழுதா. போகப்போக செரியாயிரும்."

விமானம் ஏறும் ஒவ்வொருவனுக்கும் ஜெகின் சொல்லிவந்த வார்த்தை அது. தம்பி வாயில் இப்போதுதான் அதைக் காதுகொடுத்துக் கேட்டான்.

"விசா கேன்சல் ஆயிட்டு மக்கா" என்றான். "விசா குடுக்குற கபீல் முடியாதுன்னுட்டான். கலாஸ், முடிஞ்சு போச்சு."

பச்சைப் பொய். எபின் சத்தம் போடவில்லை. "ஊரையெல்லாம் கொண்டு போன. கூடப்பிறந்தவன் மட்டும் ஒனக்கு வேண்டாம், என்னா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தான். இன்றுவரை அண்ணனிடம் பேசுவதில்லை.

விசா நின்றுபோனது பெர்நார்தார் செய்த புதுமை, அற்புதம் என்று ஜினி கோயிலில் நன்றிப் பூசை வைத்ததாக ஜெகினின் மனைவி அற்புதராணி அவனிடம் போனில் சொன்னாள். ஜெகின் மறுக்கவில்லை. புதுமை புனிதருடையது என்றால் தம்பியின் கோபம் மட்டும் ஏன் தன் தலையில் விடிந்தது என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.