ஒன்பது நாள் ஒரே கூண்டில்

ஆராய்ச்சிக்கூடத்து எலி அறைக்குள் நுழையும் முன் அவள் தலைக்குக் குளிக்க வேண்டும். பிறகு அங்கே தரும் உடுப்பு, தலையுறை, முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை. வெளியே இருக்கிற கிருமி எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக இத்தனை ஏற்பாடு. பதினோரு வருஷமாக அந்த அறையில் கூண்டு மாற்றுவதும், தீனி போடுவதும், தண்ணீர் வைப்பதும் அவள்தான். வீட்டில் அவள் கணவர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்.

"எலிக்கு ஏசி. எலிக்கு வடிகட்டின காத்து. ஒரு எலிக்கு வயித்தால போனா எட்டுப் பேர் நோட்டைத் தூக்கிட்டு ஓடி வராங்க. எனக்குப் போனா நீ ஒருத்திதான். அதுவும், 'இன்னும் எவ்வளவு நேரம்?'னு கதவைத் தட்டுறதுக்கு."

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெருங்குடலில் புண் என்றார்கள். ரத்தமாகப் போகும், மோசமான நாளில் பத்துத் தடவை. எட்டாவது மாடியில் இரும்புக் கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கு அவசரம் வந்தால் எங்கே ஓடுவது? வேலையை விட்டார். இப்போது முன்னறையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறார், கழிப்பறைக் கதவிலிருந்து ஏழு அடியில். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அந்த வேலையும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தபோது, குடல் புண்ணைப் பற்றித்தான் படிக்கிறாள் என்று தெரிந்ததும் இவள் காதைத் தீட்டிக்கொண்டாள். பட்டம் வருமுன்பே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டாள்.

"நான் இன்னும் டாக்டர் ஆகலக்கா."

"ஆனதுக்கப்புறம் எல்லாருந்தான் கூப்பிடுவாங்க. நான் கூப்பிட்டு என்ன பெருமை?"

மாணவி ஒரு நாள் டீ குடித்தபடியே விளக்கினாள். குடல் சுவரில் இருக்கும் செல்களில் ஏற்பிகள் இருக்கின்றன. "கை மாதிரி வச்சுக்குங்க. குடல்ல கோடிக் கோடியா கிருமி இருக்குல்ல, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டே இருக்கும். ஆகாததுன்னா சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். நம்ம கூடவே குடியிருக்கறதுன்னா சும்மா விட்டுடும்."

"அந்தக் கை இல்லன்னா சண்டையே வராதே? நிம்மதியா இருக்கலாமே?"

"அப்படித்தாங்க்கா நெனைக்கத் தோணும். ஆனா இந்த எலிங்களப் பாருங்க, ஒரு ஏற்பி பிறவியிலேயே இல்ல. இதுங்களுக்குத்தான் குடல் சீக்கிரம் புண்ணாகுது. சத்தம் போடறது மட்டும் அதோட வேலை இல்ல. சுவத்தைச் சரி பண்ணச் சொல்றதும் அதுதான்."

ஏற்பி இல்லாத எலிகளின் கூண்டில் பச்சை அட்டை. சாதாரண எலிகளின் கூண்டில் மஞ்சள் அட்டை. இரண்டுக்கும் குடிதண்ணீரில் குடலைப் புண்ணாக்கும் மருந்தைக் கலந்து கொடுத்து, தினமும் எடை பார்ப்பார்கள். மஞ்சள் கொஞ்சம் இளைத்துத் தேறிவிடும். பச்சை ரத்தமாகப் போகும். மாணவி இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் அப்படியே வந்தது. மூன்றாவது முறையும் வந்துவிட்டால் ஆய்வை எழுதி முடித்துவிடலாம்.

மூன்றாவது முறைக்கு முன் மாணவி ஊருக்குப் போயிருந்தாள். பச்சைக் கூண்டு ஒன்றில் மூன்று பெட்டை எலிகள் இருந்தன. இரண்டை வேறொரு சோதனைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒன்று மூலையில் உட்கார்ந்துவிட்டது. படுக்கைக்குப் போட்ட தாளைக் கிழித்துக் கூடு கட்டவில்லை. முதுகு மயிர் குத்திட்டு நின்றது. எலி குவியலாகக் கிடந்து பழகிய பிராணி. தனியாக இருந்தால் குளிரில் வாடும். இவள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அதை எடுத்து, நாலு பெட்டைகள் இருந்த மஞ்சள் கூண்டில் விட்டாள்.

பச்சையையும் மஞ்சளையும் கலக்கக் கூடாது என்ற விதி அவளுக்குத் தெரியும். கலந்து குட்டி போட்டுவிட்டால் வம்சம் கெடும் என்பதற்காகத்தான் அந்த விதி என்று நினைத்திருந்தாள். ஐந்தும் பெட்டை. காதில் வெட்டு அடையாளமும் இருக்கிறது, மாறிப்போகாது. அரை மணி நேரத்தில் ஐந்தும் ஒரே உருண்டையாகத் தூங்கின. ஒன்பது நாள் கழித்து, மாணவி திரும்பும் முன், அதை அதன் கூண்டிலேயே விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

சோதனை தொடங்கி ஆறாம் நாள் அந்த மஞ்சள் கூண்டின் நாலு எலிகளும் ரத்தமாகப் போயின. மற்ற மஞ்சள் கூண்டுகளுக்கு ஒன்றும் இல்லை.

மாணவி தீனியைச் சோதித்தாள், தண்ணீரைச் சோதித்தாள், மருந்தைத் திரும்ப நிறுத்துப் பார்த்தாள். மூன்று வாரம் ஓடியது. தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"என் கைடு சார் சொல்லிட்டாருக்கா. இந்தக் கூண்டுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியலன்னா, நான் முன்னாடி சொன்னது எதையும் நம்ப முடியாதுன்னு. ஆய்வை முடிக்க எனக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்கு."

"இந்த ஒரு கூண்டை மட்டும் விட்டுட்டு எழுதிடுங்களேன்."

"அது பொய்க்கா."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உள்ளே இருந்தார். அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் அப்படித்தான் நடந்தது.

"ஒன்பது நாள் சேர்ந்து இருந்ததால இதுங்களுக்கும் தொத்திடுச்சோ?"

"எனக்கு என்னடி தெரியும்? நான் என்ன எலியா?"

"ஒண்ணோட புழுக்கையை ஒண்ணு திங்கும். அது எனக்குத் தெரியும். தோணவே இல்ல."

"வாயை மூடிட்டு இரு. வேலை போச்சுன்னா நம்ம வயித்துல ஈரத்துணிதான். என் மாத்திரைக்கு யார் வர்றது?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா இதைச் செய்யுது?"

"அஞ்சு."

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் மறுபடி சொல்லவில்லை.

உடை மாற்றும் அறையில் சொன்னாள். மாணவியின் முகம் சிவந்துவிட்டது.

"மூணு வாரமா நான் அழுதுட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு டீ குடிச்சீங்க."

"ஆமா."

"அழாதீங்கன்னு வேற சொன்னீங்க."

அதற்கும் அவள் ஆமாம் என்றாள். மாணவி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

"எந்த எலி? எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்? சுமாரா சொல்லாதீங்க."

இவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். எழுதிக்கொண்டே வந்த பேனா ஓரிடத்தில் நின்றது.

"அந்த ஏற்பி இல்லாத குடல்ல கிருமிக் கூட்டமே மாறிப் போயிருக்கலாம். அதுதான் இதுங்களுக்கும் போயிருக்கு." குரலில் சந்தோஷம் இல்லை. "இருக்கலாம்தான். வேணும்னே கலந்து, முதல்லேர்ந்து செஞ்சு பாக்கணும். நாலு மாசத்துல முடியுமான்னு தெரியல. நான் மேலே எழுதிக் குடுத்தே ஆகணும்க்கா. உங்க பேரோட."

"குடுங்க. கையெழுத்துப் போடறேன்."

எலி அறையின் மேற்பார்வையாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளையிலிருந்து கீழே, கூண்டு கழுவும் அறை. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்பதைக் குழு கூடி முடிவு செய்யும். நல்ல மனசோடு செய்ததுதானே என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த நாலு எலிகளையும் பச்சைக் கூண்டின் ஒன்றையும் அன்றைக்கே முடித்து, குடலை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எப்படியும் அந்த வாரக் கடைசியில் முடிக்க வேண்டியவைதான். அவள் இரண்டு கூண்டுகளையும் தள்ளுவண்டியில் வைத்தாள். மாணவி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வர வேணாம்க்கா. நான் வேற யாரையாவது கூப்பிட்டுக்கறேன்."

"அஞ்சு மணி வரைக்கும் எனக்கு ட்யூட்டி இருக்கு" என்று சொல்லி அவள் வண்டியைத் தள்ளினாள்.