பிரேக் அக்காவின் சனிக்கிழமைத் தலைவலி

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டக் கற்பவரின் காலுக்கு, மற்றொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலுக்கு. அந்த இரண்டாவது பிரேக்கில் பதினேழு வருடமாகக் காலை வைத்துக்கொண்டே இருந்ததால் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர் வந்தது. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அறுபது வயதில் கார் கற்க வந்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆள் கெட்டிக்காரி. எதிரே வருகிற லாரி திரும்புமா திரும்பாதா என்பது லாரிக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். தன் தலை எப்போது வலிக்கும் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

வலி எப்போதும் வலது கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்கும். யாரோ அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் தன் சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொள்வார். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பெட்ரோல் வாசம் ஆகாது. பெட்ரோல் வாசம் ஆகாதவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மாதத்தில் பாதி நாள் தலை வலிக்கும். மீதிப் பாதி, வலி வந்துவிடுமோ என்ற கவலையில் போகும்.

காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. கிளட்ச் எது, பிரேக் எது என்று தடுமாறுகிறவர்கள்கூடத் தலைவலிக்கு மருந்து தெரிந்து வைத்திருந்தார்கள். ஒருவர் கூந்தலைத் தளரவிடச் சொன்னார். அடுத்த மணி நேரத்தில் ஏறியவர் இறுக்கிக் கட்டச் சொன்னார். அவளும் யார் சொன்னதையும் விடவில்லை. ஒருநாள் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு, நெற்றியில் ஐஸ் கட்டியைத் துணியால் கட்டி, கட்டைவிரல் இடுக்கை அழுத்திப் பிடித்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்து வாங்க வந்த தபால்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "நான் அப்புறமா வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவளுடைய கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது என்பது அவன் கொள்கை.

"நேத்து எந்தப் பக்கம் வலிச்சுது?"

"வலது பக்கம்."

"இன்னைக்கு?"

"அதே பக்கம்தான்."

"அப்ப எல்லாம் ஒரே வயர்லதான் போகுது."

"என் தலை ஒண்ணும் லிஃப்ட் இல்லை."

"லிஃப்ட்டா இருந்தா நேத்தே சரி பண்ணியிருப்பேனே" என்றான். சொல்லும்போது அவன் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது.

அவனுக்கு ஒரு அக்காள் உண்டு. பிரேக் அக்காவுக்கு அவள் அண்ணி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவை இருபத்தெட்டு வருடம் கவனித்து ஓய்வு பெற்றவள். டாக்டர்களின் கோட்டுகள் அத்தனையும் தன் கை வழியாகத்தான் போயின என்பதால், தனக்கும் பாதி வைத்தியம் தெரியும் என்று நம்பினாள். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு வந்து, அந்த வாரத்து வைத்தியத்தை அந்தக் குரலில் சொல்லுவாள். தைலத்தை அவள் கையாலேயே நெற்றியில் தேய்த்துவிடுவாள். தேய்த்த பிறகு நெற்றியும் சேர்ந்து வலிக்கும்.

உண்மையில் அக்காவை நடமாட வைத்தது மாத்திரைதான். கைப்பையில் ஒரு அட்டை, காரின் முன்பெட்டியில் ஒரு அட்டை, தலையணைக்கு அடியில் ஒரு அட்டை. முதலில் வலித்தால் போட்டாள். பிறகு வலிக்கும்போலத் தோன்றினால் போட்டாள். போகப் போக, வலிக்காமல் இருக்கிறதே என்று பயந்தும் போட்டாள்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் அவளிடம் கார் கற்றுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆகியும் தனியாக ஓட்டத் துணிவில்லாமல், மறுபடியும் பயிற்சிக்கு வந்தவர். இருபத்தாறாவது வகுப்பிலும் எதிரே சைக்கிள் வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுக் கும்பிட்டுவிடுவார். அக்காவின் கால் பிரேக்கை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டதில் அவர் பங்கு பெரிது.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, முன்கண்ணாடியின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு மினுமினுப்பு நெளிவதை அக்கா பார்த்தாள். கண்ணைக் கசக்கினாள். அது பரவியது. திரும்பிப் பார்த்தால் மருந்துக்கடைக்காரருக்குப் பாதி முகம்தான் இருந்தது. மூக்குக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

"சார், ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். "என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்குக் கண்ணு சரியா தெரியல. எப்பவாவது இப்படி வந்தா அரை மணில தலைவலி வரும்."

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மற்றவர்கள் எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் நாற்காலிக்காரர் வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். வெயில் ஊசியாகக் குத்தியது.

"உங்க வீடு வரைக்கும் நானே தனியா ஓட்டட்டுமா? லைசென்ஸ் இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப் போனார்.

அக்கா கைக்குட்டையைக் கண் மேல் போட்டுக்கொண்டு சாய்ந்தாள். பதினேழு வருடத்தில் முதல் முறையாகக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். கார் கிளம்பியது. உலுக்கல் இல்லை, குலுக்கல் இல்லை. எண்ணெய்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்போல ஓட்டினார்.

"ரெண்டாவது கியர்லயே போறீங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"எப்படித் தெரியுது?"

"காதை மூடலையே. இன்ஜின் அழுவுது பாருங்க."

கியரை மாற்றினார். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. மற்ற நாளாக இருந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருப்பார். அன்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொஞ்சம் பொறுங்க சார், இங்க ஒருத்தங்களுக்குத் தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் போனார். அவள் வீட்டு வாசலில், சுவரிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்.

இறங்கும்போது சொன்னார்: "அக்கா, எங்கிட்ட மாத்திரை வாங்கறதோட இதை விட்டுடாதீங்க. நரம்பு டாக்டரைப் பாருங்க. இத்தனை நாள் நானே சொல்லியிருக்கணும்."

அவர் சொன்ன டாக்டர் அதிகம் பேசாத ஒரு அம்மா. கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், ஒரு விரலைக் காட்டி அதைப் பார்வையால் தொடரச் சொன்னார். ஒற்றைத் தலைவலிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"மாத்திரை எவ்வளவு போடறீங்க?"

"எப்பவாவது" என்றாள் அக்கா. மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

டாக்டர் ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். "தினமும் எழுதுங்க. எப்ப எழுந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, யார் வந்தாங்க, எப்ப வலிச்சுது, என்ன மாத்திரை. ஒண்ணு விடாம. எட்டு வாரம் கழிச்சு வாங்க."

ஒன்று விடாமல் என்றால் அக்காவுக்கு ஒன்று விடாமல்தான். நோட்டைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்து, போகும்போதும் வரும்போதும் எழுதினாள். மூன்றாவது சனிக்கிழமை தண்ணீர் எடுக்கப் போன அண்ணி அந்த நோட்டோடு கூடத்துக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"'சனி. பத்து மணி, அண்ணி வந்தாங்க. பத்தரை, தலைவலி.'" பக்கத்தைத் திருப்பினாள். "'சனி. அண்ணி வந்தாங்க தலைவலி.' இதுல நடுவுல ஒரு கமாகூட இல்ல."

"டாக்டர் எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்க அண்ணி."

"எழுதும்மா, நல்லா எழுது. தும்மல், இருமல், நாத்தனார்னு வரிசையா எழுது."

கணவன் சமாதானம் செய்ய வந்தான். "அக்கா, இது வெறும் தகவல்தான்."

அதற்கு அவன் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். அண்ணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அடுத்த வாரத்துலேர்ந்து அந்தத் தகவல் இருக்காது" என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே படியிறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. அக்கா கட்டிலில் படுத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று வலிக்காது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அப்படி நினைக்க வெட்கமாகவும் இருந்தது. பத்தரைக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டது. அதற்கடுத்ததும் அப்படியே.

அண்ணி வராத ஐந்தாவது சனிக்கிழமை கணவன் பென்சிலோடு நோட்டின் முன்னால் உட்கார்ந்தான். "அக்காவைக் கழட்டியாச்சு. பழுது அப்படியே இருக்கு. அப்ப பழுது அக்கா இல்லை."

"இதை அவங்ககிட்ட இப்படியே போய்ச் சொல்லிடாதீங்க."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினான். மற்ற நாட்களில் அவள் ஐந்தரைக்கு எழுந்து ஐந்தே முக்காலுக்கு டீ குடிக்கிறாள். சனிக்கிழமை விடுமுறை என்று ஒன்பது மணிவரை தூக்கம், காலைச் சாப்பாடு இல்லை, டீ பத்து மணிக்கு மேல். "அக்கா வந்த பிறகுதான் டீ போடறே. டீக்காகக் காத்திருந்த தலை, அக்கா பேர்ல பழி போட்டிருக்கு."

மறுநாள் மாலை இருவரும் அண்ணி வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவள் உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

"அண்ணி, நீங்க வராத அஞ்சு சனியும் வலிச்சுது" என்றாள் அக்கா.

அண்ணியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. சட்டென்று அதை அடக்கிக்கொண்டு, "ஐயோ பாவம்" என்றாள்.

"பரவாயில்லை, சந்தோஷப்பட்டுக்கோங்க."

"அதை நோட்டுல எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"காட்டு."

ஐந்து வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் டீ வைத்தாள்.

டாக்டரிடம் மூவருமாகப் போனார்கள். சனிக்கிழமை சங்கதியைக் கேட்டு டாக்டர் தலையசைத்தார். விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து சாப்பிடச் சொன்னார். பிறகு மாத்திரை எழுதிய இடங்களில் விரலை வைத்துக்கொண்டே போனார். வெகுநேரம் போனார்.

"மாசத்துல இருபத்திரண்டு நாள் போட்டிருக்கீங்க."

"வலிச்சாதான் போடறேன்."

"போடறதாலயும் வலிக்குது. இவ்வளவு நாள் தொடர்ந்து போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்."

"ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கிட்டு ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனா அப்படித்தான்னு நினைக்கறேன்."

பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும். தலைவலி வராமல் தடுக்க வேறு மருந்து தினமும். முதல் இரண்டு வாரம் வலி கூடும், வேலைக்கு விடுப்புப் போடுங்கள் என்றார் டாக்டர்.

அண்ணி அன்றே துணிமணியோடு வந்து இறங்கினாள். வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் தேடிப் பிடித்துத் தன் பைக்குள் போட்டுப் பூட்டினாள். அழைப்பு மணியின் வயரைத் தம்பியை விட்டுப் பிடுங்க வைத்தாள். திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். அதோடு, சத்தம் ஆகாது என்று எல்லோரிடமும் ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தாள். அவளுடைய ரகசியம் மூன்று அறை தாண்டி உஸ் உஸ் என்று கேட்டது.

"அண்ணி, நீங்க சும்மாவே பேசுங்க" என்றாள் அக்கா படுக்கையிலிருந்து. "இது பாம்பு புகுந்த வீடு மாதிரி இருக்கு."

நான்காம் நாள் நிலைமை மோசமானது. தலையணையில் தலையை வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணி, இன்னைக்கு மட்டும்" என்று அழுதாள். கணவன் பையைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். அண்ணி அசையவில்லை. ஈரத்துணியை மாற்றிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. எதையாவது பேச வேண்டும் என்று, சலவைக்கு வந்த கோட்டுப் பைகளில் கிடைத்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். எலும்பு டாக்டர் பையில் எப்போதும் பாதி கடித்த பிஸ்கட் இருக்கும். குழந்தை டாக்டர் பையில் மிட்டாய்த் தாள். அறுவை சிகிச்சைப் பெரிய டாக்டரின் பையில் ஒருமுறை, 'வரும்போது பால் வாங்கவும், மறந்தால் வர வேண்டாம்' என்று ஒரு சீட்டு.

"நரம்பு டாக்டர்?" என்றாள் அக்கா கண்ணை மூடியபடி.

"ஒருத்தர் இருந்தார். அவர் பையில எப்பவும் தலைவலி மாத்திரைதான். அட்டை அட்டையா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தலை பிளந்தது. பிளந்த தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அண்ணி, "சிரிக்காதே, சிரிக்காதே" என்று சொல்லிக்கொண்டே அவளும் சிரித்தாள். அன்று மாலை வலி குறையவில்லை. ஆனால் மாத்திரை கேட்பதை அக்கா நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை கண் விழித்ததும் வழக்கம்போல வலது கண்ணுக்குப் பின்னால் தேடினாள். ஆளைக் காணோம். நம்பாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு போய் அண்ணியை எழுப்பினாள். அண்ணி எழுந்ததும் செய்த முதல் வேலை, தன் பழைய குரலில் தம்பியைக் கூப்பிட்டதுதான்.

தலைவலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. போகாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மாதத்துக்கு மூன்று தடவை, மிஞ்சினால் நான்கு தடவை வருகிறது. முன்பெல்லாம் வலியை மறைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வகுப்பு எடுப்பாள். போன வியாழக்கிழமை மதியம் வந்தபோது அலுவலகத்துக்குப் போன் செய்து, "எனக்குத் தலைவலி வருது, ரெண்டு வகுப்பை மாத்தி வைங்க" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. முதலாளி ஏதோ முணுமுணுத்தார். அதையும் காதில் வாங்கவில்லை. டாக்டர் இதற்கென்று தந்த ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். நான்கரை மணிக்கு எழுந்து வந்து, பசிக்கிறது என்றாள்.