அக்கா பிரித்த கியர்பாக்ஸ்

அக்கா இல்லாமல் எங்கள் வீடு ஓராண்டைக் கடந்திருக்கிறது. அவர் வளர்த்த தம்பி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர் அக்கா. அம்மா சீக்கிரமே காலமானதால் எனக்குத் தாயும் அவரே. சுரங்கப் பணிமனையில் ஃபிட்டராக இருந்த மாமாவை மணந்தார். சுரங்கம் மூடியதும் மாமா பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். அக்கா ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடை வைத்தார். பின்னர் சர்க்கரை நோய் மாமாவின் பார்வையைப் பறித்தது. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும் இரண்டாவது கியரிலேயே இறுகி நின்றது. மாமா யாரிடமும் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும், "வண்டிய வித்துடு" என்றார்.

மறுநாள் காலை அக்காவும் நானும் வண்டியைக் கூடத்துக்குள் தள்ளிவந்தோம். அக்கா மாமாவின் கையில் ஸ்பேனரை வைத்தார்.

"இன்னாத்துக்கு இது?"

"கியர்பாக்ஸைப் பிரிக்கப்போறேன். எந்த நட்டுன்னு நீங்க சொல்லுங்க, நான் கழட்டறேன்."

ஆயிலை வடித்து, மூடியைத் திறந்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் அடுக்கினார். மாமா எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். கியரை நகர்த்தும் ஃபோர்க்கில் கை நின்றது.

"இங்க தொட்டுப் பாரு, வளைஞ்சி கீது. இதான் கியர வுடமாட்டேங்குது."

அந்தப் பழைய ஃபிட்டர் குரலைக் கேட்டு எத்தனையோ மாதங்களாகியிருந்தன. கிரீஸ் கையென்றும் பாராமல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெங்களூரில் அலைந்து வேறு ஃபோர்க் வாங்கிவந்தார். மாட்டிய பிறகும் மூன்றாவது கியர் விழவில்லை. ஒரு வாஷரைத் திருப்பிப் போட்டிருந்தார். "தையக்காரி புத்தி!" என்று மாமா வாய்விட்டுச் சிரித்தார். மறுபடியும் பிரித்தார்கள். வண்டி ஓடியது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டருகே அக்கா ஓட்டப் பழகினார். பின்னால் உட்கார்ந்த மாமா இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, "இப்ப மாத்து" என்பார். அப்படியே இருவரும் ஊரெல்லாம் சுற்றினார்கள்.

கடைசியாக மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அக்கா மாமாவிடம் கேட்டார்: "நான் இன்னா கலர் பொடவை கட்டினிருக்கேன், சொல்லுங்க."

"நீலம்."

"கரெக்டு" என்று சிரித்தார். உடுத்தியிருந்தது பச்சை மருத்துவமனை அங்கி. அருகில் நின்ற நர்சும், "நீலந்தாங்க ஐயா" என்றார்.

இரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், உணவு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை உடன் வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இதை வாசித்துக் காட்டியபோது மாமா சொன்னார்: "கைய புடிச்சப்பவே அது பொடவத் துணி இல்லன்னு தெரிஞ்சிது. அவ ஆசையா கேட்டா, சொன்னேன். அந்த நர்ஸ் பொண்ணுக்கும் நன்றி போடு."

அந்தச் சகோதரிக்கும் எங்கள் நன்றி.