புளிப் போத்தலில் கிடந்த ஸ்பிளிட்டர்

என் மேசை இழுப்பறையில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி கிடக்கிறது. ஒரே செப்புக் கம்பியில் வரும் பேச்சையும் இணையத்தையும் பிரித்து விடுகிற ஸ்பிளிட்டர். அதில் இன்னமும் புளி மணக்கிறது என்று சொன்னால் மனைவி சிரிப்பாள்.

செட்டிகுளத்துப் பக்கம் தொலைபேசி லைன் திருத்திக்கொண்டு திரிந்த காலத்தில், ஒரு அக்காவின் வீட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை போனேன். கணவர் வளைகுடா நாட்டில். விறாந்தையிலும் குசினி வாசலிலும் கமரா பூட்டி, அங்கிருந்தே வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். படம் நின்று நின்று வருகிறது என்று முறைப்பாடு கொடுப்பவரும் அவர்தான். முதல் முறை, களிம்பேறிய கம்பி மூட்டுகளை வெட்டிப் புதிதாக முறுக்கினேன், வேகம் ஏறியது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, இந்த ஸ்பிளிட்டர் பெட்டியை மட்டும் கழட்டிப்போடாதேங்கோ, பிறகு நெட் விட்டு விட்டுத்தான் வரும்" என்று பெரிய வாத்தியார் மாதிரிச் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை பெட்டியைக் காணவில்லை. எலி இழுத்திருக்கும் என்றார். வேறொன்று போட்டேன். மூன்றாம் முறை அதுவும் இல்லை. குசினித் தட்டில், புளிப் போத்தலுக்குள் இரண்டும் கிடந்ததை நானே கண்டேன். கேட்க வாயெடுத்தபோது கமராவுக்குள்ளிருந்து கணவரின் குரல் விட்டு விட்டு வந்தது: "ஆர் அது? இவ்வளவு நேரம் என்ன கதை?" அக்கா என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, பின்வளவு என்ர தங்கச்சி வீடு. அவளோட கதைக்கக்கூடாதெண்டு இவர் ஒற்றைக்கால்ல நிக்கிறார். படம் நிண்டாத்தான் வேலிப் பொட்டுக்குள்ளால புகுந்து போய் அவளின்ர பிள்ளையை ஒருக்காத் தூக்கிப்போட்டு வருவன். கரண்ட்டை நிப்பாட்டினா என்னைப் பிடிச்சிடுவார்; லைன் பிழையெண்டா உங்களைத்தானே பேசுவார். பத்து நிமிசம், தம்பி."

இன்னொரு முறைப்பாடு வந்தால் வேலை இல்லை என்று அன்று காலையில்தான் மேலாளர் சொல்லியிருந்தார். நான் அதிகம் யோசிக்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, கூரைக்குக் கீழே, அக்காவின் கைக்கு எட்டாத உயரத்தில் லைனைப் பிரித்துப் பெட்டியடித்து மூடினேன். "இப்ப கண்ணாடி மாதிரித் தெரியுது! கெட்டிக்காரன்!" என்றது கமரா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

போன கிழமை அதே வீட்டுக்குச் செப்புக் கம்பியைக் கழற்றி ஃபைபர் போடப் போனேன். அக்கா கமராவுக்கு நேரே கதிரையில் இருந்தார். தலை நரைத்துவிட்டது. வேலிப் பொட்டில் முட்கம்பி வரிந்து கட்டியிருந்தது. அன்றைய கைக்குழந்தை பள்ளிச் சீருடையில் வேலிக்கு அப்பால் போனாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தேத்தண்ணி தந்தபோது, அக்கா தட்டுக்கு அடியில் எதையோ என் கையில் அழுத்தினார். வெள்ளைப் பெட்டி.

"இனி இது உதவாதென்ன, தம்பி?"

"ஓம் அக்கா."

பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். கமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

இன்று காலையும் ஒரு முறைப்பாடு. எங்கோ ஒரு வீட்டில் கமராப் படம் விட்டு விட்டு வருகிறதாம். இழுப்பறையை மூடிவிட்டுப் புறப்படுகிறேன்.