ஆற்றங்கரை மண்ணும் ஒரு லோரி செம்மண்ணும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஈப்போவுக்கு வெளியே, ஆற்றை ஒட்டி, கால் ஏக்கர் நிலம் கிடைத்தது. நிலம் ஒரு சீனத் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. ஒரு போகம் பயிர் வந்தால் தொடரலாம், வராவிட்டால் அங்கே லோரிகள் நிறுத்த இடம் கட்டப்போவதாகச் சொன்னார்.
2. அக்கா நிலக்கடலை விதைத்தார்.
3. அக்காவின் கணவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், ஒரு போகத்துக்கான உரம் முழுவதையும் ஒரே காலையில் போட்டு முடித்தார்.
4. நான்கு நாள் மழை பெய்தது.
5. செடிகள் வெளுத்தன.
6. மண்தான் சரியில்லை என்று அண்ணே முடிவு செய்தார். வீடு கட்டுவதற்காக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு லோரி செம்மண்ணுக்குச் சொல்லி வைத்தார். முதல் லோரி சனிக்கிழமை கொட்டிவிட்டுப் போனது. அடுத்தது திங்கள் மாலை வருவதாக இருந்தது.
7. சனிக்கிழமை மாலை அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

நான் கட்டுமான வேலைகளுக்கான மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கூடத்துக்கு ஆற்றங்கரை மணல் கலந்த வண்டல் என்றால் பிடிக்காது. அறிக்கையில் ஒரே வரிதான் எழுதுவோம்: அடித்தளத்துக்கு ஏற்றதல்ல, நீக்கவும். அந்த வரியை நானே பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு செடிக்கு அது எப்படிப்பட்ட மண் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அக்கா கேட்டார். அவர் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ரசாயனத்தில் நின்று நின்று கையில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். இந்தப் போகத்தை எடுத்துக் காட்டிவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அதை அண்ணேயிடம்கூட முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

"ஒரு போகந்தான் தங்கச்சி கேட்டேன் அந்தத் தவுக்கேகிட்ட. இது போச்சுன்னா நான் மறுபடியும் அந்தப் பெல்ட்டு முன்னாலதான் நிக்கணும்லா."

ஞாயிறு காலை, நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிளில் போனோம். அண்ணேயும் அக்காவும் முன்னால், நான் பரிசோதனைப் பையோடு பின்னால். முந்தின நாள் பிற்பகல் நல்ல மழை. எங்கள் தெருவில் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த நிலத்திலோ என் காலணியில் எதுவும் ஒட்டவில்லை. நான் முதலில் குறித்துக்கொண்டது இதைத்தான்.

ஒரு பிடி எடுத்து நனைத்துக் கையால் பிசைந்தேன். முதலில் சர்க்கரை போல நறநறத்தது, அது மணல். அதற்கு அடியில் முகப்பவுடர் போல வழுவழுப்பு, அது வண்டல். கடைசியில் விரலில் லேசாக ஒரு பிசுபிசுப்பு. அது களிமண், கொஞ்சமே கொஞ்சம். உருட்டினால் உருண்டையாக நின்றது. கட்டை விரலால் தொட்டதும் உதிர்ந்தது. நாடா போல நசுக்கிப் பார்த்தேன், ஒரு அங்குலத்துக்குள் அறுந்தது. பாடப் புத்தகத்தில் மணற்பாங்கான வண்டல் என்று வரும் மண் வரிக்கு வரி அப்படியே என் உள்ளங்கையில் இருந்தது.

பிறகு முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. குழியின் சுவரைக் கரண்டியால் சீவிவிட்டுப் பார்த்தேன். லாப்பிஸ் கேக்கை வெட்டிய மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. கரடான மணல் அடுக்கு என்றால் அந்த வெள்ளம் வேகமாக வந்தது. மெல்லிய சாம்பல் நிற அடுக்கு என்றால் தண்ணீர் நின்று நிதானமாக வடிந்தது. இடையிடையே மைக்காத் துகள்கள் மினுங்கின. மலைக் கருங்கல் உடைந்து, ஆற்றோடு உருண்டு, இங்கே வந்து சலித்துப் படிந்திருக்கிறது. வேர்கள் ஒரு இடத்திலும் வளையாமல் நேராகக் குழியின் அடிவரை போயிருந்தன. எங்கள் கூடத்தில் எத்தனையோ சல்லடைகள் இருக்கின்றன. இவ்வளவு சீராக எதுவும் சலித்ததை நான் பார்த்ததில்லை.

அண்ணேக்கு அதில் வியப்பு இல்லை. அவர் சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ரப்பரிலும் செம்பனையிலும் உரம் போட்டவர். மரத்துக்கு ஒரு டின், ஒரே சுற்று, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பின்னால் வந்து சரிபார்ப்பார். பாதி போட்டு மீதியை வைத்திருப்பவன் திருடன் என்று பெயர் வாங்குவான். அதே ஒழுங்கோடு இங்கேயும் பால் டின்னில் அளந்து, ஒரு வரிசை விடாமல், மிச்சம் வைக்காமல் போட்டிருக்கிறார். வேலையில் குறை சொல்ல முடியாது. மலைச் செம்மண்ணின் களி உரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்த மண்ணில் பிடிப்பதற்குக் களி இல்லை.

"இது மண்ணே இல்லலா, பவுடர். எங்க தோட்டத்து மண்ணத் தொட்டா கை செவக்கும்," என்றார் அண்ணே.

"கை செவந்து என்னா செய்ய? கடலைக்கு மருதாணியா வைக்கப் போறோம்?" என்றார் அக்கா.

செம்மண் குவியல் வாசலில் கிடந்தது. மூன்று பாத்தியில் ஏற்கெனவே பரப்பியிருந்தார்கள். அள்ளிப் பார்த்தேன். தோட்டத்தின் மேல்மண் அல்ல. இயந்திரம் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த அடிமண். மலைச்சரிவில், தன் இடத்தில், அது நல்ல மண்தான், இரண்டு தலைமுறை ரப்பரைத் தாங்கியிருக்கிறது. கடலைக்குத்தான் அது ஆகாது. கடலைப் பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து ஊசி போல ஒன்று கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அந்த ஊசியின் நுனியில்தான் காய் பிடிக்கும். ஊசி இறங்காவிட்டால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் காய் இல்லை. செடிகள் பூக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

இதை நான் வாயால் சொல்லியிருந்தால் அண்ணே தலையாட்டிவிட்டு லோரியை வரவழைத்திருப்பார். பரிசோதனைக் கூடத்து ஆள் எதைச் சொன்னாலும் அவருக்கு அது ஆபீஸ் பேச்சு. எனவே இரண்டு காரியம் செய்தேன். அடியில் ஓட்டை போட்ட டின்னில் ஆற்று மண்ணை நிரப்பி, மேலே ஒரு சிட்டிகை உரம் தூவி, அவரையே தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் தண்ணீர் கீழே வந்துவிட்டது. கரைந்த உப்பை அளக்கும் சின்ன மீட்டரை முதலில் வெறும் தண்ணீரில் வைத்துக் காட்டினேன், பிறகு வடிந்த தண்ணீரில் வைத்தேன். எண் பல மடங்கு ஏறியது. அண்ணே மீட்டரைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்.

"அப்ப நம்ம பாஜாவெல்லாம் மீன் தின்னுருச்சா?" என்றார். பாஜா என்றால் உரம்.

"கொஞ்சமா பல தடவை போட்டிருந்தா செடி தின்னிருக்கும் அண்ணே."

இரண்டாவது காரியமாக, இரண்டு மண்ணையும் தனித்தனியாகக் குழைத்து ஒரே தகரத்தில் தோசை கனத்துக்குப் பரப்பி வெயிலில் வைத்துவிட்டு வந்தோம்.

திங்களன்று அரை நாள் விடுப்பு எடுத்தேன். மூன்று மணிக்கு மூவரும் தகரத்தின் முன்னால் நின்றோம். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அக்காவிடம் கொடுத்தேன். ஆற்று மண்ணில் குச்சி சிரமமில்லாமல் இறங்கியது. செம்மண்ணில் வளைந்தது. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும் வளைந்தது. அண்ணே வாங்கித் தானே குத்தினார். குச்சி உடைந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இந்தப் போகம் எடுத்துட்டா நான் வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். ஓங்ககிட்ட சொல்லல. அந்த லோரி வந்துச்சுன்னா நான் வேலைய விடவே முடியாது."

அண்ணே அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலடி தள்ளிப் போய்க் கைபேசியை எடுத்தார். லோரி ஓட்டுகிறவர் தோட்டத்துக் கூட்டாளி. சொன்ன சொல்லை மாற்றுவது அவர்களுக்குள் சின்ன விஷயம் இல்லை.

"மச்சான், இன்னிக்கி லோரி வேணாம்லா... ஆமா, எம் பொண்டாட்டிதான் சொல்லுது. ஓன் வீட்ல யாரு சொல்றா?"

அந்தப் பக்கம் சிரிப்பது எங்களுக்கே கேட்டது.

அடுத்த இரண்டு நாள், அக்கா ஷிப்ட் முடிந்து வந்ததும், இருவருமாகப் பரப்பிய செம்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். குவியலை வாசலில் பரப்பி மிதித்து மோட்டார் சைக்கிள் போகப் பாதை போட்டார்கள். அதற்கு அது அருமையான மண். புதிதாக வாங்கிய உரத்தை ஐந்து பங்காகப் பிரித்து நான் ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தேன். வரிசைகளுக்கு இடையே லாலாங் புல்லை வெட்டிப் பரப்பச் சொன்னேன். தனக்குப் பிடிப்பு இல்லாத அந்த மண்ணுக்கு மக்கிய புல்தான் பிடிப்பு. பத்தே நாளில் இலை நிறம் மாறியது. பிழையை அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கும் மண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அறுவடை அன்று ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். அடம் பிடிக்காமல் முழுதாக வந்தது. ஒரு உலுக்கு உலுக்கியதும் மண் உதிர்ந்து, காய்கள் கழுவி வைத்ததுபோல வெளுப்பாகத் தொங்கின. ஒரு காய்கூட மண்ணுக்குள் அறுந்து நிற்கவில்லை. பார்க்க வந்திருந்த தவுக்கே ஒன்றை உடைத்துப் பச்சையாகவே மென்று பார்த்தார். "போலேலா," என்றார், சரிதான் என்ற அர்த்தத்தில்.

இப்போதைய நிலை இது. செம்மண் பரப்பிய மூன்று பாத்திகளும், எவ்வளவு சுரண்டியும் அது முழுதாகப் போகாததால், அந்தப் போகத்தில் ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை, மற்றவை தந்தன. தவுக்கே இந்த வருடக் கடைசி வரை நிலத்தை விட்டிருக்கிறார், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது கடலை முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது. அக்கா வேலையை விட ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டார், அதில் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது.