பதினான்காம் பக்கத்துக் கையுறை

மரக்காணம் அளத்தில் உப்பு வாரும் சாமுண்டீஸ்வரிக்கு வயது நாற்பத்தாறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மீதியைப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களிலும் ஒரு பழைய அகராதியிலும் தாமே படித்துக்கொண்டார். கைக்கு வந்த காகிதம் எதையும் அவர் எறிந்ததில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, தகரப் பெட்டியில் அடுக்கிவிடுவார். இதைக் கண்டு சிரித்தவர்களில் கழுவெளி உப்பளத் தொழிலாளர் நல மன்றத்தின் செயலாளர் சித்தார்த்தனும் ஒருவர்.

சென்ற ஆண்டு மாசியில் மன்றம் ஒட்டிய அறிவிப்பில், ‘உறுப்பினர்க்குக் கையுறை, காலுறை வழங்கும் விழா’ என்றிருந்தது. கையில் மாட்டுவது கிளவுஸ், காலில் பூட்ஸ், காகிதத்துக்குக் கவர் என்று பேசுகிற ஊர். உறை என்ற சொல் அங்கே வாயில் வருவது கிணறு தோண்டும்போது மட்டும்தான். மணல் சரியாமல் இருக்க இறக்கும் சிமென்ட் வளையத்துக்கு அந்தப் பெயர்.

“ஏங்க்கா, கைக்கு உறை எறக்கப் போறாங்களாமே? நம்ம கை அவ்ளோ ஆழமாவா பள்ளமாயிடுச்சு?” என்றாள் கூட வேலை செய்யும் மலர்கொடி.

சாமுண்டீஸ்வரி அகராதியைப் புரட்டினார். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கடிதத்துக்கு உறை. எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்குதான்: உள்ளே இருப்பது கெடாதிருக்க, வெளியே இருப்பது தேய வேண்டும். காலுறைக்குப் பொருள், பள்ளிப் பிள்ளைகள் போடும் சாக்ஸ் என்று தெரிந்தது. கணுக்கால் வரை உப்புநீரில் நிற்பவர்களுக்குச் சாக்ஸ் கொடுக்க நினைத்த அறிவை அவர் மனத்துக்குள் வணங்கினார்.

விழாவன்று வந்தவை பத்து ஜோடி ரப்பர் கையுறைகள். பத்துப் பெண்கள் மாட்டிக்கொண்டு நிற்க, போட்டோ எடுத்தார்கள். கழற்றி அடுத்த பத்துப் பேருக்குக் கொடுக்கச் சொல்லி, மறுபடி எடுத்தார்கள். நாற்பத்திரண்டு பேரையும் எடுத்து முடித்ததும் கையுறைகள் வந்த அட்டைப்பெட்டிக்கே திரும்பின. உறை என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் இல்லாத பயனை மன்றத்தார் கண்டுபிடித்திருந்தார்கள்.

இந்த வைகாசியில் சாமுண்டீஸ்வரியின் வலது உள்ளங்கை வெடித்துப் புண்ணாயிற்று. கையுறை இல்லாமல் அளத்தில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதினார். கடையில் வாங்கிய மெல்லிய கையுறை இரண்டே நாளில் கிழிந்தது. அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அர்ச்சுனன், “திங்கக்கெழம வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டார். முழங்கை வரை ஏறும் கனத்த கையுறை மன்றத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை, உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும் கூட்டத்தோடு அவரும் போய் நின்றார்.

“உனக்குதான் போன வருஷமே குடுத்தாச்சேம்மா. ரெஜிஸ்டர்ல பதினாலாம் பக்கத்துல இருக்குது. தொலைச்சிட்டு வந்து நிக்கிறியா?” என்றார் சித்தார்த்தன்.

“பக்கத்தக் காட்டுங்க சார்.”

“நீ பாத்து இன்னா கிழிக்கப் போற?”

சாமுண்டீஸ்வரி கவரிலிருந்து மன்ற விதிகளின் நகலை எடுத்து நீட்டினார். விதி பதினொன்று: உறுப்பினர் எவரும் பதிவேட்டைப் பார்வையிடலாம். செயலாளர் தம் மன்றத்தின் விதியை அன்றுதான் முதல்முறையாக வாசித்தவர்போலத் தெரிந்தார். ரெஜிஸ்டர் வந்தது.

அவர் பெயருக்கு நேரே ஒரு கட்டைவிரல் ரேகை. வளையம் வளையமாக, ஒரு கோடு பிசகாத அழகான ரேகை.

“எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும். போவட்டும். இங்க் பேடு குடுங்க.”

வெள்ளைத் தாளில் தம் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். நீலத்தில் ஒரு பொட்டு விழுந்தது. அதில் கோடு ஒன்றுகூட இல்லை. இருபத்தேழு வருட உப்பு அதை வழித்துவிட்டிருந்தது. ரேஷன் கடை மெஷினுக்கு அவர் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறார்.

“உப்பு வார்றவ வெரல்ல ரேகை ஏது சார்? இது ஃபேனுக்குக் கீழ வளந்த வெரலு.”

வரிசையில் பின்னால் நின்ற மலர்கொடி எட்டிப் பார்த்தாள். “அட, எனக்கும் இதே வெரலு! பக்கத்துப் பாத்தி ஆண்டாளுக்கும் இதே! நாப்பத்திரண்டு பேருக்கும் ஒருத்தரே அழுத்துனா அந்த வெரலு எப்டி வலிச்சிருக்கும்! தைலம் தடவுனீங்களா சார்?”

கூட்டம் சிரித்தது. சித்தார்த்தன் குரலைத் தாழ்த்தினார். “சத்தம் போடாதம்மா. ஒரு ஜோடி எடுத்துட்டுப் போயேன்.”

“எடுத்துக்கிறேன். மொதல்ல அந்த வரிய அடிச்சி, வழங்கலன்னு எழுதி, கையெழுத்து போடுங்க. தேதியும் போடுங்க.”

செயலாளர் எழுதினார். சாமுண்டீஸ்வரி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு கையுறை இரண்டிலும் வாய் வைத்துக் காற்றூதி ஓட்டை பார்த்தார். ‘ஒரு ஜோடி, ஓட்டையில்லை, இன்று பெற்றேன்’ என்று எழுதி முழுப்பெயரில் கையெழுத்திட்டார். திங்கட்கிழமைக்கு இனி பயமில்லை.

சித்தார்த்தன் மேசைமேல் பேனாவின் மூடியைத் தேடினார். மலர்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மூடாதீங்க சார். இன்னும் நாப்பத்தொண்ணு இருக்குது.”